டிரா ஆன வருஷம்

கிரிக்கெட்டுன்னு பேரைக் கேட்டாலே எந்திரிச்சு ஓடற மக்களே, கொஞ்சம் பொறுங்க. இதுல கிரிக்கெட் இருக்கு. நம்ம ஊருக்குச் சம்பந்தமே இல்லாத பேஸ்பால் கூட கொஞ்சம் இருக்கு. ஆனா ரெண்டும் தெரியாட்டாலும் படிச்சிரலாம். 2020-ம் வருஷம் எப்படிப் போச்சுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு கதை வெச்சிருப்பீங்க. இது எங்க வீட்டுக் கதை. நாலஞ்சு தடவை எழுத உக்காந்து எந்திரிச்சுட்டேன். இப்பத்தான் கை வந்துச்சு.

ஊரு ராயகிரி. தென்காசி மாவட்டம், சிவகிரி வட்டம். மேற்கால திரும்பினா மலை, கிழக்கால திரும்பினா கரிசல் ஆரம்பிக்கும். அப்பா அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். எதைப் பாத்தாலும் எண்ணுவாரு. கல்யாண வீட்டுக்குப் போனா பந்தியில எத்தனை இலைன்னு எண்ணுவாரு. கரண்ட் போனா எத்தனை நிமிஷம் போச்சுன்னு எண்ணுவாரு. அந்தப் பழக்கம் பின்னால எங்களுக்கு எப்படிக் கை கொடுத்துச்சுங்கறதுதான் இந்தக் கதையே.

அப்பாவுக்கு கிரிக்கெட்டுல ஒரே ஒரு விஷயத்துல ரொம்பக் கறார். "டை வேற, டிரா வேறல" ம்பாரு. யாராவது ரெண்டையும் மாத்திச் சொல்லிட்டா விடமாட்டாரு. உடனே 1986-க்குப் போயிருவாரு. செப்டம்பர் 22, சேப்பாக்கம், ஆஸ்திரேலியாவோட டெஸ்ட். இந்தியா ஜெயிக்க 348 வேணும், 347-ல ஆல் அவுட். கடைசி ஓவர்ல இன்னும் ஒரு பந்து பாக்கி இருக்கறப்ப மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுல டிரான்சிஸ்டரைச் சுத்தி நின்னு கேட்டாராம், அதனால வண்டி ரெண்டு நிமிஷம் லேட்டா எடுத்தாங்களாம். டெஸ்ட் வரலாத்துலயே அது ரெண்டாவது டை. மொதல் டை 1960-ல பிரிஸ்பேன்ல. இன்னைக்கு வரைக்கும் மொத்தமே அந்த ரெண்டுதான். அதே மேட்ச்ல டீன் ஜோன்ஸ் மெட்ராஸ் வெயில்ல வாந்தி எடுத்துக்கிட்டே 210 அடிச்சு, அப்புறம் ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்தின கதையையும் சேத்துக்குவாரு.

"டைன்னா ரெண்டு பேரும் ஆடி முடிச்சு கணக்கு சமமாயிருச்சு. டிரான்னா கணக்கு முடியல. நேரம் முடிஞ்சிருச்சு. முடியிற வரைக்கும் ஒருத்தன் நின்னான்" - இதுதான் அப்பாவோட விளக்கம். சின்ன வயசுல இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கொட்டாவி வரும்.

*

நான் அப்ப திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கணக்கு எழுதிட்டு இருந்தேன். 2020 மார்ச்ல ஊரடங்கு அறிவிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, பத்து நாள் தங்கிட்டு வரலாம்னு வீட்டம்மாவையும் மகளையும் கூட்டிட்டு ராயகிரி வந்தேன். பத்து நாள் பத்து மாசமாச்சு. ஏப்ரல், மே பாதிச் சம்பளம். ஜூன் கடைசியில ஒரு போன். "நிலைமை சரியானதும் நாங்களே கூப்பிடறோம்." கூப்பிடவே இல்ல.

அதுக்கு அடுத்த மாசம் அப்பா. ஜூலையில ஞாயித்துக்கிழமை ஒவ்வொண்ணும் தளர்வு இல்லாத முழு ஊரடங்குன்னு போட்டிருந்தாங்க, ஞாபகம் இருக்கா? பால், மருந்து தவிர தெருவுல ஈ காக்கா இருக்காது. அப்படி ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அப்பா எந்திரிச்சு உக்காந்தாரு. வலது கை தொங்குச்சு. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்துச்சு. அம்மா என்னமோ கேக்க, பதிலுக்கு ஒரு சத்தம் வந்துச்சு. வார்த்தை இல்ல, வெறும் சத்தம்.

108-க்குப் போன் போட்டோம். ஆம்புலன்ஸ் வந்துச்சு. திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரி. கூட ஒரே ஒரு ஆள்தான் இருக்கலாம்னாங்க. மூளையோட இடது பக்கத்துல ரத்தக்குழாய் அடைப்பு. அடைப்பைக் கரைக்கற ஊசி ஒண்ணு இருக்கு, அதை ஆரம்பிச்ச நேரத்துலேர்ந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும்னு டாக்டர் சொன்னாரு. அப்பாவுக்குத் தூக்கத்துலயே வந்திருக்கு. எப்ப ஆரம்பிச்சுதுன்னு யாருக்கும் தெரியாது. அதனால ஊசி போட முடியல.

பன்னெண்டு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தோம். கால் கொஞ்சம் பரவாயில்ல. கை வரல. பேச்சு சுத்தமா வரல. நாம சொல்றது பெரும்பாலும் புரியுது, ஆனா பதில் சொல்ல வார்த்தை கிடைக்கல. இதுக்கு அஃபேசியான்னு பேரு. முப்பது வருஷம் "ஏறு ஏறு, உள்ள போ, சில்லறை எடுத்து வெச்சுக்கோ" ன்னு கத்தின மனுஷன், தண்ணி வேணும்னு கேக்கத் தெரியாம செம்பையே பாத்துட்டு இருப்பாரு. அம்மா மட்டும் அசரல. "பேச்சு வராட்டி என்னல, மனுசன் வீட்டுக்கு வந்துட்டாகல்லா" ன்னு சொல்லிட்டு அடுப்பைப் பாக்கப் போயிட்டாங்க.

*

பேச்சுப் பயிற்சி தர்ற ஒரு அம்மா வாரம் ரெண்டு நாள் வீடியோ கால்ல வருவாங்க. எங்க தெருவுல சிக்னல் மொட்டை மாடியிலதான் கிடைக்கும். அதே மாடியிலதான் மகளோட ஆன்லைன் கிளாசும். அப்பாவைத் தூக்கிட்டுப் போக முடியாது. அதனால நான் மாடியில கேட்டுட்டு வந்து கீழ செய்வேன். அந்தம்மா சொன்னதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, எந்நேரமும் அவர்கூடப் பேசுங்க, வாசிச்சுக் காட்டுங்க. ரெண்டாவது, பேச்சு போனவங்கள்ல நிறைய பேருக்கு ஒண்ணு ரெண்டு எண்றது, கிழமை சொல்றது, பாட்டு, சாமி நாமம் - இதெல்லாம் சில சமயம் தானா வரும். யோசிச்சுச் சொல்ற பேச்சு வேற, பழகிப்போய் தானா ஓடற பேச்சு வேறயாம்.

எண்ணச் சொன்னோம். நான் "ஒண்ணு" ன்னேன். அப்பா என் வாயைப் பாத்தாரு. மறுபடி "ஒண்ணு, ரெண்டு..." "மூ... மூணு" ன்னாரு. அப்புறம் நிக்கவே இல்ல. பதினேழு வரைக்கும் போயிட்டாரு. அம்மா சேலைத் தலைப்பை வாயில வெச்சுக்கிட்டு நின்னாங்க. ஆனா "இது யாரு?" ன்னு என்னைக் காட்டிக் கேட்டா ஒண்ணும் வரல. பேரு வராது. எண்ணு மட்டும் வரும்.

வாசிச்சுக் காட்ட மொதல்ல பேப்பரை எடுத்தேன். அப்ப பேப்பரைப் பிரிச்சா மாவட்ட வாரியா பாதிப்பு, சாவுன்னு பட்டியல். ரெண்டே நாள்ல வீட்டம்மா, "ஏங்க, அதை நிறுத்துங்க. மாமாவுக்குப் பேச்சுதான் போயிருக்கு, காது நல்லாத்தான் இருக்கு" ன்னுட்டா. அப்பாவோட டிரங்குப் பெட்டியில தேடினப்ப கி.ராஜநாராயணன் புஸ்தகங்க கிடைச்சுது. 'கரிசல் காட்டுக் கடுதாசி' யும், 'கோபல்லபுரத்து மக்க' ளும். கடுதாசி ஜூனியர் விகடன்ல வந்தப்ப, டிரிப் முடிஞ்சு பஸ்ஸுக்குள்ள உக்காந்து படிச்ச ஆளு அவரு. அப்பாவோட அம்மா ஊரு கோவில்பட்டி பக்கம். கி.ரா. ஊரு இடைசெவலும் அந்தப் பக்கம்தான்.

கி.ரா.வை நான் முன்னாடியும் படிச்சிருக்கேன். கண்ணால படிச்சிருக்கேன். வாய்விட்டுப் படிச்சது அந்த வருஷம்தான். ரெண்டும் வேற வேற அனுபவம்ங்க. மனுஷன் எழுதலை, பேசறாரு. கரிசல் பேச்சுக்குன்னு வட்டார வழக்கு அகராதியே தொகுத்தவர் இல்லையா! 'சம்சாரி' ன்னு வரும். நமக்கு அது குடும்பஸ்தன். அந்தப் பக்கம் அது விவசாயி. நான் டவுன் பாஷையில இழுத்துப் படிச்சா அப்பா இடது கையால கட்டில்ல தட்டுவாரு. மறுபடி படிக்கணும். எங்க பாட்டி பேசின மாதிரி அழுத்தம் வந்தாத்தான் தட்டறதை நிறுத்துவாரு. பேசத் தெரியாத ஆளு எனக்குப் பேசச் சொல்லிக் கொடுத்தாரு. தினம் ராத்திரி அரை மணி நேரம். சில நாள் ரெண்டு பக்கம், சில நாள் பத்துப் பக்கம். கதையில யாரும் பெருசா ஜெயிக்கறதில்ல. மழை பெய்யாது, மாடு சாகும், ஆனாலும் ஜனங்க கேலி பேசிக்கிட்டு அடுத்த வெள்ளாமைக்குத் தயாராவாங்க. எங்களுக்கு அப்ப வேண்டி இருந்ததும் அதுதான்.

ஆகஸ்ட்ல மருந்து வாங்க தென்காசிக்கு பைக்ல போனேன். திரும்பறப்ப மனசு கேக்காம குற்றாலம் பக்கம் வண்டியை விட்டேன். நல்ல சாரல். மார்ச்லேர்ந்தே குளிக்கத் தடை. வழியை மறிச்சு போலீஸ் தடுப்பு. கடை எல்லாம் சாத்திக் கெடக்கு. பேரருவி விழற சத்தம் மட்டும் ரோடு வரைக்கும் கேட்டுது. ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்துல இந்த ஊர்லதான் இருந்தாரு. வர்றவங்களுக்கெல்லாம் கம்பனைச் சொல்லிச் சொல்லி அனுபவிக்க வெச்சவரு. அவரு காலத்துல கூட சீசன்ல இப்படி ஆளே இல்லாம இருந்திருக்குமான்னு நினைச்சேன். அருவிக்கு அதெல்லாம் கணக்கே இல்ல. ஆள் இருந்தா ஒரு மாதிரி, இல்லாட்டி ஒரு மாதிரின்னு விழத் தெரியாது அதுக்கு.

*

இப்ப பேஸ்பால். என் தம்பி அமெரிக்காவுல டல்லாஸ்ல இருக்கான். அப்பாவுக்கு இப்படி ஆனதும் அவனால வர முடியல. விமானம் கிடைச்சாலும், வந்தா விசா வேலை முடிஞ்சு திரும்பிப் போக முடியுமான்னு தெரியாத நேரம் அது. தினம் அவனுக்கு ராத்திரி, நமக்குக் காலையில வாட்ஸப்ல வருவான். என்ன பேசறது? "அப்பா சாப்பிட்டியளா" ன்னு கேட்டா பதில் வராது. அதனால பேஸ்பால் சொல்ல ஆரம்பிச்சான்.

அந்த வருஷம் அமெரிக்காவுல பேஸ்பால் சீசன் ஜூலை கடைசியிலதான் ஆரம்பிச்சுது. வழக்கமா ஒவ்வொரு டீமும் 162 மேட்ச் ஆடும். அந்த வருஷம் 60. ஸ்டேடியத்துல ஆள் கிடையாது. ரசிகருங்க போட்டோவை அட்டையில ஒட்டி சீட்டுல நிறுத்தி வெச்சிருந்தாங்க. தம்பி போன்ல காட்டினப்ப அப்பாவுக்கு ஒரு பக்க வாயில சிரிப்பு. அதுலயும் எண்ணத்தான் வேணும். மூணு ஸ்டிரைக் ஆனா ஒருத்தன் அவுட், நாலு பந்து தப்பாப் போட்டா ஓசியில மொதல் பேஸுக்குப் போயிரலாம், மூணு பேர் அவுட் ஆனா மாறணும். தம்பி அந்தப் பக்கம் "ஸ்டிரைக்" ம்பான், அப்பா இந்தப் பக்கம் "ரெண்டு" ம்பாரு.

ஒரு நாள் தம்பி சொன்னான்: "அண்ணே, இங்க டிரான்னு ஒண்ணே கிடையாது. ஒன்பது இன்னிங்ஸ் முடிஞ்சு சமமா இருந்தா, எவனாவது ஜெயிக்கற வரைக்கும் ஆடிக்கிட்டே இருக்கணும். இந்த வருஷம் சீக்கிரம் முடியணும்னு பத்தாவது இன்னிங்ஸ்லேர்ந்து ஒரு ஆளைச் சும்மாவே ரெண்டாவது பேஸ்ல நிக்க வெச்சிருதாங்க." அப்பா முகத்தைச் சுளிச்சாரு. இடது கையை 'போ போ' ன்னு ஆட்டினாரு. ஓசி ரன்னர் அவருக்குப் பிடிக்கல :-) (அந்த விதியை 2023-ல நிரந்தரமாவே ஆக்கிட்டாங்க. ஜப்பான்லயும் கொரியாவுலயும் மட்டும் ஒரு அளவுக்கு மேல போனா சமம்னு விட்டுருவாங்களாம். தம்பி சொன்ன தகவல்.)

செப்டம்பர் 24. டீன் ஜோன்ஸ் மும்பையில செத்துட்டாருன்னு செய்தி. ஐபிஎல் வர்ணனைக்கு வந்த இடத்துல. 59 வயசு. அப்பாகிட்ட சொல்லவா வேண்டாமான்னு யோசிச்சிட்டு இருக்கறப்பவே டிவியில காட்டிட்டாங்க. அப்பா ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் மெதுவா, யாரும் கேக்காமலே, "எர... எர... பத்து" ன்னாரு. எனக்குச் சட்டுனு புரியல. அம்மாவுக்குப் புரிஞ்சுது. "எரநூத்திப் பத்து. அந்த வாந்தி எடுத்தவன்" ன்னாங்க. முப்பத்துநாலு வருஷமா அதே கதையைக் கேட்டது நான் மட்டும் இல்லையே.

*

அந்தத் தீபாவளி நவம்பர் 14. கையில காசு இல்ல. மகளுக்கு மட்டும் ஒரு பாவாடை சட்டை. அன்னைக்கு ராத்திரி கு.அழகிரிசாமியோட 'ராஜா வந்திருக்கிறார்' படிச்சேன். அவரும் இடைசெவல்காரர்தான், கி.ரா.வோட சேக்காளி. தங்களுக்கே பத்தாத வீட்டுல, தீபாவளி நேரத்துல யாருமில்லாத ஒரு சின்னப் பையன் வந்து சேர்றான். அவனையும் சேத்துக்கறாங்க. அவ்வளவுதான் கதை. அவன் பேரு ராஜா. படிச்சிட்டு நிமிந்தா எங்க வீட்டுல யாரும் யாரையும் பாக்கல. எட்டு வயசு மகதான் கேட்டா: "அப்பா, நாம அவங்களை விடப் பரவாயில்லல்ல?" "ரொம்பப் பரவாயில்ல தாயி" ன்னேன்.

பேரு வராத பிரச்சினைக்கு வழி கண்டுபிடிச்சதும் அவதான். தாத்தாவுக்கு நம்பர்தானே வருது, ஆளுக்கு ஒரு ஜெர்சி நம்பர் கொடுத்துட்டா? பாட்டிக்கு 10, சச்சின் நம்பர். எனக்கு 7. அவளுக்கு 18. அவ அம்மாவுக்கு 1. டல்லாஸ் சித்தப்பாவுக்கு அஸ்வின் நம்பர், 99. "எனக்கு மட்டும் ஏன் பாப்பா இவ்வளவு பெரிய நம்பர்?" னு தம்பி கேட்டான். "நீங்கதான ரொம்பத் தூரத்துல இருக்கீங்க" ன்னா. பலகையில எழுதி கட்டிலுக்கு எதிர்ல மாட்டினோம். ரெண்டு வாரத்துல அப்பா "பத்து" ன்னா அம்மா வருவாங்க. "ஏழு" ன்னா நான் ஓடுவேன். 99 மட்டும் வாயில வரல. தொண்ணூத்தொம்பதுங்கறது எவ்வளவு கஷ்டமான வார்த்தைன்னு ஒரு தடவை மெதுவா சொல்லிப் பாருங்க.

டிசம்பர் 19, அடிலெய்டு. இந்தியா 36-க்கு ஆல் அவுட். ஆளாளுக்கு அடிச்ச ரன் 4, 9, 2, 0, 4, 0, 8, 4, 0, 4, 1. கூட்டிப் பாருங்க, சரியா 36. உதிரி ரன் கூட கிடையாது. ஏதோ போன் நம்பர் மாதிரி இருக்குன்னு உலகமே கேலி பண்ணிச்சு. எங்க வீட்டுல மக அதைத் தாத்தாவுக்குப் பாடமா வெச்சா. அவ ஒண்ணு சொல்ல, இவரு ஒண்ணு சொல்ல, பதினோரு எண்ணும் வந்துச்சு. தோத்த மேட்ச்லயும் எங்களுக்குக் கொஞ்சம் லாபம்.

மெல்போர்ன்ல ரஹானே 112 அடிச்சு ஜெயிச்சாங்க. அடுத்து சிட்னி. ஜனவரி 7, மார்கழி மாசம். விடியக்காலை அஞ்சு மணிக்கு டிவியைப் போட்டா ஒரு பக்கம் கோயில் ஒலிபெருக்கியில திருப்பாவை, இந்தப் பக்கம் தேசிய கீதம். சிராஜ் அழுதுட்டு நின்னாரு. நவம்பர்ல அவங்க அப்பா ஐதராபாத்துல தவறிட்டாரு, இவரு ஊருக்கு வராம டீமோடவே ஆஸ்திரேலியாவுல தங்கிட்டாரு. தம்பி அந்நேரம் லைன்ல இருந்தான். "அண்ணே, அப்புறம் கூப்பிடுதேன்" ன்னு வெச்சுட்டான். அன்னைக்குக் கூப்பிடவே இல்ல.

ஜனவரி 11, கடைசி நாள். ஜெயிக்க 407. காலையில 2 விக்கெட்டுக்கு 98. ரஹானே சீக்கிரமே போயாச்சு. பந்த் 97, புஜாரா 77. ரெண்டு பேரும் இருக்கற வரைக்கும் ஜெயிச்சிரலாம்னு கூட ஒரு ஆசை. அவங்களும் போனதும் 5 விக்கெட்டுக்கு 272. விஹாரிக்கு தொடையில நரம்பு பிடிச்சு ஓட முடியல. அஸ்வினுக்கு முதுகு வலி. அடுத்து வரவேண்டிய ஜடேஜாவுக்குக் கட்டை விரல் உடைஞ்சிருந்துச்சு. இனி ஜெயிக்க முடியாது. தோக்காம இருக்கலாம், அவ்வளவுதான்.

அப்பா எண்ண ஆரம்பிச்சாரு. யாரும் சொல்லல. ஒரு பந்து, "ஒண்ணு." அடுத்தது, "ரெண்டு." ஆறு வந்ததும் நிறுத்துவாரு. மக நோட்டுல ஒரு கோடு போடுவா. மறுபடி "ஒண்ணு." ரன் வரல, யாருக்கும் அதைப் பத்திக் கவலையும் இல்ல. ஸ்டம்ப் மைக்ல அஸ்வின் விஹாரிகிட்ட தமிழ்ல பேசறது கேக்கறப்ப மட்டும் அப்பா எண்றதை நிறுத்திட்டு டிவியைப் பாத்துச் சிரிப்பாரு. பந்து நெஞ்சுல, விலாவுல விழுது. நிக்கறாங்க. இடையில வீட்டம்மா இட்லி கொண்டு வந்தா. வாயில இட்லியோட "நாலு" ன்னாரு. நாப்பத்திரெண்டு ஓவருக்கு மேல ரெண்டு பேரும் நின்னாங்க. விஹாரி 161 பந்துல 23, அஸ்வின் 128 பந்துல 39. 5 விக்கெட்டுக்கு 334-ல கை குலுக்கிட்டு வந்துட்டாங்க. டிரா.

அப்பா குரல் அன்னைக்குக் கம்மிப்போச்சு. ஆறு மாசமா அவரு அவ்வளவு நேரம் சேந்தாப்ல வாயைத் தொறந்ததே இல்ல. நான் சும்மா விளையாட்டுக்கு, "என்னப்பா, டை ஆயிருச்சே?" ன்னேன். கட்டில்ல ஓங்கி ஒரு தட்டு. அப்புறம் உதட்டைக் கூட்டி, ரொம்ப நேரம் முயற்சி பண்ணி, "டி... டிரா" ன்னாரு. எண்ணு இல்லாம யோசிச்சுச் சொன்ன மொதல் வார்த்தை.

அடுத்த வாரம் பிரிஸ்பேன்ல 328 துரத்தி ஜெயிச்சாங்க. சின்னப்பம்பட்டி நடராஜன், வாஷிங்டன் சுந்தர்னு நம்ம பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் அதுதான் மொதல் டெஸ்ட். ஊரே கொண்டாடிச்சு. நாங்களும்தான். ஆனா எங்க வீட்டுல பேசறது என்னவோ சிட்னியைப் பத்தித்தான்.

99 வந்தது பிப்ரவரியில. மேட்ச் எதுவும் இல்லாத ஒரு சாதாரண புதன்கிழமை. தம்பி லைன்ல வந்து எப்பவும் போல "அப்பா, நான் யாரு?" ன்னான். "தொண்... தொண்ணூ... தொம்பது." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மேல் கூரைதான் தெரிஞ்சுது. போனை மேசையில வெச்சுட்டுப் போயிட்டான்.

*

இதோட சுபம்னு போட ஆசைதான். ஆனா 2021 மே வந்துச்சு. ரெண்டாவது அலை. பெரியப்பா போயிட்டாரு. நாங்க நாலு பேர்தான் போனோம். அதே மே 17-ல புதுச்சேரியில கி.ரா. காலமானாரு. அரசு மரியாதையோட இடைசெவலுக்குக் கொண்டு போனாங்க. சாதாரண நாளா இருந்திருந்தா அப்பாவைக் கார்ல கூட்டிட்டுப் போயிருப்பேன். டிவியிலதான் பாத்தோம். அன்னைக்கு ராத்திரி படிக்கலாம்னு கடுதாசியை எடுத்தேன். அப்பா என் கையிலேர்ந்து வாங்கி மடியில வெச்சுக்கிட்டாரு. எழுத்து அவருக்கு இன்னும் பிடிபடல. இடது கையால ஒவ்வொரு பக்கமா திருப்பினாரு. சத்தம் வரல, உதடு மட்டும் அசைஞ்சுது. பக்கத்தை எண்ணிட்டு இருந்தாரு.

இன்னைக்கு நிலவரம்: கோல் ஊனி வாசல் வரைக்கும் நடப்பாரு. வலது கை வரல. ஒரு நாப்பது அம்பது வார்த்தை பேசுவாரு. என் பேரு இன்னும் வரல, நான் ஏழுதான். கடைக்காரர் பாக்கி தப்பாக் கொடுத்தா கண்டுபிடிச்சிருவாரு. நான் திருப்பூருக்குத் திரும்பல. புளியங்குடியில ஒரு எலுமிச்சைக் கமிஷன் மண்டியில கணக்கு எழுதறேன். சம்பளம் முன்ன மாதிரி இல்ல, ஆனா ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுல இருக்கேன். படிக்கறது இன்னும் நிக்கல. இப்ப 'கோபல்ல கிராமம்' மூணாவது சுத்து.

ஜெயிச்சோமான்னு கேட்டா இல்ல. தோத்தோமான்னா அதுவும் இல்ல. அப்பா பாஷையில சொன்னா, கணக்கு இன்னும் முடியல.

கொசுறு: வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை திடீர்னு தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ "கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிரும்" னு இருக்காதீங்க. உடனே 108. கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்கன்னு குறிச்சு வெச்சுக்கோங்க, டாக்டர் மொதல்ல கேக்கறது அதைத்தான். வீட்டுல யாருக்காவது இப்படிப் பேச்சு போயிருந்தா எண்ணச் சொல்லிப் பாருங்க, பாடச் சொல்லிப் பாருங்க. அப்புறம், வாய்விட்டுப் படிக்க நல்லா இருக்கற புஸ்தகம் ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க மக்களே. நாலாவது சுத்துக்கு அப்பா கட்டில்ல தட்டிருவாருன்னு தோணுது :-)